தாராளம்

‘பதினோரு வருடம்’ படத்தில், எங்கள் ஊரை அத்தனை காலம் ஆண்ட காப்பாளரை ஒரு முறைகூடக் காட்டவில்லை. அவர் முகம் தெரியாது, கை தெரியாது, உட்கார்ந்த நாற்காலிகூடத் தெரியாது. தெரு முனையில் மாட்டிய ஒலிபெருக்கியில் குரல் மட்டும் வரும். அந்தக் குரல் வந்ததும் மாவு பிசைந்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணின் கை மெதுவாகும். இன்னும் மெதுவாகும். வேகமாகப் பிசைந்தால் மூச்சு அதிகம் செலவாகுமே என்ற பயம் அந்த ஐந்து விரல்களில் தெரியும். பார்க்கிற நமக்கு வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

இப்படித்தான் எடுக்க வேண்டும் என்று இயக்குநர் தங்கபுஷ்பம் முதல் நாளே சொல்லிவிட்டார். “அந்தாளு பதினோரு வருசம் நம்ம தலைமேல உக்காந்திருந்தது போதும். என் படத்துல அவனுக்கு இடம் கிடையாது. மாவு பிசையுறவளுக்குத்தான் இடம்.”

படப்பிடிப்பில் யாரும் யாரையும் அதட்டக் கூடாது என்பது அவருடைய இன்னொரு சட்டம். மீறியவர்கள் அன்று மதியம் எல்லாருக்கும் பரிமாற வேண்டும். இருமுறை அவரே பரிமாறினார்.

நான் அந்தப் படத்தில் கண்டினியூட்டி பார்த்தேன். ஒரு ஷாட்டில் இடது கையில் இருந்த குவளை அடுத்த ஷாட்டில் வலது கைக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்கிற வேலை. அந்தக் காலத்தில் இல்லாத பொருளோ பழக்கமோ படத்துக்குள் வந்துவிடாமல் தடுப்பதும் என் பொறுப்புதான். இசக்கி என்று மட்டும் பெயர் கொடுத்திருந்தேன். முன்னெழுத்து அம்மாவுடையது.

நாற்பத்தொன்றாம் காட்சியில் வரும் அளவுக்காரர் என் அப்பா என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

அவரை நல்லவராகக் காட்டுவார்கள் என்ற எதிர்பார்ப்போடு நான் போகவில்லை. செய்ததைக் காட்டட்டும், செய்யாததைச் செய்ததாகக் காட்டிவிடக் கூடாது, அதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் அம்மன் படத்துக்கு முன்னால் நின்று, “தாயே, என் வாயைக் காத்துக்கொடு” என்று வேண்டிக்கொள்வேன்.

அளவுக்காரராக நடித்த மாசிலாமணி பூமியிலிருந்து வந்தவர். மதுரைக்காரர். எங்கள் ஊர் புதுக்கரிசல் நிலாவின் தென்முனையில், எரிமலைக் குழம்பு ஓடி வடிந்த பெருங்குகைக்குள் இருக்கிறது. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த முதல் ஐந்நூறு பேர் இந்தக் கறுத்த மண்ணைப் பார்த்துவிட்டு வைத்த பெயர் அது. மாசிலாமணிக்கு எங்கள் ஊரில் எல்லாமே வேடிக்கை.

“ஏம்மா இசக்கி, ஒரு சந்தேகம்” என்றார் ஒரு நாள் டீ நேரத்தில். “உங்க ஊர்ல யாரு வீட்டுக்குப் போனாலும் வாசல்ல ஏன் வாயை இறுக்கிக்கிட்டு நிக்கிறாங்க? நேத்து கேமராமேன் வீட்டுக்குப் போனேன். எனக்கு முன்னால போனவரு கண்ணு பிதுங்க நிக்கிறாரு. நெஞ்சு வலியோன்னு பதறிட்டேன். உள்ள இருந்து அந்தம்மா ‘தாராளம்’னு சொன்னப்புறம்தான் மனுசன் மூச்சு விட்டாரு.”

பக்கத்தில் இருந்த செண்பகவல்லி சிரித்தார். அவருக்குத் தையல்கடை. படத்தில் சின்ன வேடத்தில் நடிக்க வந்தவர்.

“நீங்க என்ன செஞ்சீங்க?”

“நானா? செருப்பைக் கழட்டிட்டு, தும்மிட்டு உள்ள போனேன்.”

“அய்யய்யோ! தும்மினீங்களா? உங்களுக்கு இனிமே அந்த வீட்டுல டீ கிடையாது.”

“காரணத்தைச் சொல்லுங்கம்மா.”

“மரியாதைங்க. எங்கம்மா செஞ்சாங்க, நாங்க செய்யறோம்.”

தங்கபுஷ்பம்தான் விளக்கினார். “காப்பாளர் வந்ததும் காத்து அரசாங்கச் சொத்துன்னு சட்டம் போட்டாரு சார். வீட்டுக்கு வீடு அளவுமானி. மாசத்துக்கு இவ்வளவுன்னு பங்கு. அந்த வீட்டுக்குள்ள யாரு மூச்சு விட்டாலும் வீட்டுக்காரர் பங்குலதான் கழியும். பங்கு தீர்ந்துட்டா அளவுக்காரர் வந்து காத்துக்குழாய்த் திருகைக் குறைச்சிடுவாரு. அதனால வேத்து வீட்டுக்குள்ள போனா மூச்சைப் பிடிச்சுக்கணும். வீட்டுக்காரங்க ‘தாராளம்’னு சொன்னா விடலாம். இருக்கோ இல்லையோ, சொல்லிடுவாங்க.”

“இப்பத்தான் காத்து வேணுங்கிற அளவு இருக்கே?”

“இருக்கு. ஆனா பழகிட்டோமே.”

மாசிலாமணி டீயைக் கீழே வைத்தார். “சிரிக்கக்கூட கணக்கா?”

“சிரிக்க, ஓட, பாட, எல்லாத்துக்கும். கல்யாணத்துல நாகஸ்வரம் கிடையாது, தவில் மட்டும். செத்த வீட்டுல சத்தம் போட்டு அழ அனுமதிச் சீட்டு வாங்கணும். விளக்கும் ஏத்தக் கூடாது, தீ காத்தைத் தின்னும்னு.”

படத்தின் பன்னிரண்டாம் காட்சி அதுதான். கோயிலில் திரி போட்டு, எண்ணெய் ஊற்றி, ஏற்றாத விளக்கை நடுவில் வைத்து நாற்பது பேர் கும்பிடுவார்கள். எரியாத விளக்கைச் சுற்றி இரண்டு கைகளையும் குவித்து, காற்றில் அணைந்துவிடாமல் காப்பதுபோல் ஒருத்தி நிற்பாள். அப்படி ஒரு காட்சியை எழுதிய மனத்தை என்ன சொல்வது! அதை எடுத்த அன்று நான் குறிப்பேட்டில் ஒன்றுமே எழுதவில்லை. கண் மறைத்துவிட்டது.

நாற்பத்தொன்றாம் காட்சி இயக்குநரின் சொந்த வீட்டில் உண்மையாகவே நடந்தது. அவருடைய அண்ணன் முத்தழகு ஒன்பது வயதுப் பையன், நெஞ்சு பலவீனமானவன். ஒரு மாதம் வீட்டுப் பங்கு ஐந்து நாளைக்கு முன்பே தீர்ந்தது. அளவுக்காரர் சங்கிலிமுத்து வந்து திருகைக் குறைத்தார். மூன்றாம் நாள் பையன் இறந்துபோனான். தங்கபுஷ்பம் அப்போது கைக்குழந்தை.

“எங்கம்மா மறக்காம சொல்றது திருகைக் குறைச்சதைக்கூட இல்ல” என்று காட்சியை விளக்கும்போது சொன்னார். “அது அவன் வேலைன்னு சொல்லிடுவா. அண்ணன் செத்த மறுநாள் வழக்கம்போல அளவு பாக்க வந்தானாம். உள்ள வந்து மரம் மாதிரி நின்னானாம். அம்மா அவன் மூஞ்சியவே பாக்கல. ஒரு வார்த்தை சொல்லுவான்னு காத்திருந்தாளாம். ஒண்ணும் கேக்காமப் போயிட்டான். அந்தத் திமிரைத்தான் அவளால மன்னிக்க முடியல. மாசிலாமணி சார், எனக்கு அந்தத் திமிர் வேணும்.”

நான் குனிந்து குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா எந்த வீட்டிலும் பேசமாட்டார் என்று ஊரே சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஊமைத் திமிர் என்பார்கள். ஆட்சி விழுந்த அடுத்த வருடம் அவர் இறந்தபோது, எனக்கு ஏழு வயது, எங்கள் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை.

இந்தப் படத்துக்கென்றே ஜெயசீலி என்ற பொறியாளர் ஒரு கருவி செய்திருந்தார். காப்பாளர் காலத்தில் எல்லார் நெஞ்சிலும் ஒரு வில்லை ஒட்டியிருக்கும். ஒவ்வொரு மூச்சும் அதில் பதிவாகும். ஆட்சி விழுந்தபோது மக்கள் பதிவு நிலையத்துக்குள் புகுந்தார்கள், ஆனால் கொளுத்தவில்லை. எங்கள் ஊரில் எவ்வளவு கோபம் வந்தாலும் யாரும் தீ வைக்க மாட்டார்கள். அதனால் பதினோரு வருடத்து மூச்சும் அப்படியே இருந்தது. அதை ஜெயசீலி ஒரு மெல்லிய பட்டையில் ஏற்றினார். நடிகர் அதை நெஞ்சில் கட்டிக்கொண்டால் அது மெதுவாக அழுத்தியும் தளர்த்தியும் அந்தப் பழைய மனிதர் அன்று மூச்சு விட்டது போலவே இவரையும் மூச்சு விடவைக்கும். மாவு பிசைந்த அந்தப் பெண்ணின் பயம் நடிப்பு இல்லை. அது வேறொருத்தி என்றோ பட்ட உண்மையான பயம்.

மாசிலாமணி நெஞ்சில் அன்று கட்டியிருந்தது, பையன் இறந்த மறுநாள் என் அப்பா விட்ட மூச்சு.

முதல் டேக். மாசிலாமணி படியேறி வந்தார். வாசலைத் தாண்டினார். சுவரில் இருந்த அளவுமானியின் முன் நின்றார். முகத்தை உயர்த்தி, உதட்டை இறுக்கி, அப்படி ஒரு செருக்கு. அம்மாவாக நடித்த செண்பகவல்லி தரையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அரங்கம் முழுக்க அமைதி.

“தாராளம்” என்றார் செண்பகவல்லி.

“கட்!”

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். செண்பகவல்லி நாக்கைக் கடித்துக்கொண்டார். “மன்னிச்சிருங்க மேடம். வாய் தானா வந்துடுச்சு.”

“அவனுக்குப் போய்த் தாராளம் சொல்றீங்களேம்மா. எங்கம்மா கேட்டா உங்களைச் சும்மா விடமாட்டா.”

இரண்டாவது டேக்கில் ஒளி பிடிக்கும் பையன் “தாராளம்” என்று முணுமுணுத்தான். மூன்றாவதில் மீண்டும் செண்பகவல்லி.

தங்கபுஷ்பம் அதட்டவில்லை. அருகில் போய் உட்கார்ந்தார். “என்னம்மா ஆச்சு?”

“நான் என்ன செய்ய மேடம்? அவரு வாசல்ல மூச்சைப் பிடிக்கிறாரு. எனக்கு முதுகுலயே தெரியுது. விருந்தாளி மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னா பாத்துக்கிட்டு இருக்க முடியுமா?”

“நானா பிடிக்கலைங்க” என்றார் மாசிலாமணி, மார்பைத் தேய்த்துக்கொண்டு. “வாசல்கிட்ட வந்ததும் இந்தப் பட்டை இறுக்கிடுது. வெளிய போனாத்தான் விடுது. பழுதாயிடுச்சு போல. ஒரு நிமிசத்துக்கு மேல ஆகுது, எனக்குத் தலை சுத்துது.”

ஜெயசீலி பட்டையைக் கழற்றிப் பார்த்து மாசிலாமணி கையில் கொடுத்தார். அதே பதிவை வேறொரு பட்டையில் ஏற்றிப் பார்த்தார். “பழுது இல்ல. பதிவுலயே அப்படித்தான் இருக்கு. எழுபது வினாடி வெறும் கோடு. வில்லை கழண்டிருக்கும். வேற நாள் பதிவு போட்டுக்கலாம்.” அவர் முந்தின நாளைப் பார்த்தார். அதற்கும் முந்தின நாளை. அவர் புருவம் நெரிந்தது. “எல்லா நாளும் இருக்கு. ஒரு நாள் வேலை நேரத்துக்குள்ள முப்பத்தாறு கோடு. வழக்கமா நாப்பது வினாடி. அன்னைக்கு மட்டும்தான் எழுபது.”

“அவன் பாத்துக்கிட்ட வீடு எத்தனை?” என்றார் தங்கபுஷ்பம்.

“முப்பத்தாறு.”

தங்கபுஷ்பத்தின் முகம் இறுகியது. “தற்செயலா இருக்கும். வில்லைய எப்படியாவது ஏமாத்தியிருப்பான். வேற ஆளோட பதிவைப் போடுங்க. எடுத்து முடிப்போம்.”

அப்போது நான் பேசாமல் இருந்திருக்கலாம். குவளை இடம் மாறினால் சொல்வதுதான் என் வேலை. என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை. காலையில் வாயைக் காத்துக்கொடு என்று வேண்டியிருந்தேன் அல்லவா. எதற்காகக் காத்துத் தந்தாள் என்பது அந்த நிமிடத்தில்தான் புரிந்தது.

“தற்செயல் இல்ல மேடம். அவர் வீட்டு வாசல்லயும் அப்படித்தான் நிப்பாரு. வேலை முடிஞ்சு வந்ததும் படியில நிப்பாரு. மூச்சு வாங்கும். அதை அடக்கிக்கிட்டுத்தான் உள்ள வருவாரு. அம்மா உள்ள இருந்து ‘தாராளம், விடுங்க’ன்னு சொல்லுவாங்க. சொன்னாத்தான் விடுவாரு. எங்க வீட்டுல இருந்ததும் அளவான காத்துதானே.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“அவர் என் அப்பா.”

மாசிலாமணி கையில் இருந்த பட்டையை, சுடுகிறதுபோல், மெல்லக் கீழே வைத்தார்.

தங்கபுஷ்பம் என்னையே பார்த்தார். எட்டு மாதம் ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டவர்கள் நாங்கள். பிறகு திரும்பி, “இன்னைக்கு இவ்வளவு போதும். எல்லாரும் வீட்டுக்குப் போங்க” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மறுநாள் காலை கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தேன். தங்கபுஷ்பம் வாசலில் நின்றார். உதடுகள் மூடியிருந்தன. வேலையை விட்டு நீக்கத்தான் வந்திருக்கிறார் என்று எண்ணினேன். அவர் ஏதாவது சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அவர் பேசவே இல்லை. முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது.

“அய்யோ! தாராளம், தாராளம்! உள்ள வாங்க மேடம்!”

சுவரைப் பிடித்துக்கொண்டு இரைக்க இரைக்க மூச்சு வாங்கினார். “கொன்னுடுவ போலயே... மேடம்னு வேற கூப்பிடுற... பேர் சொல்லு.”

இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபோது இருவர் கண்ணிலும் நீர் இருந்தது.

“ஜெயசீலி ராத்திரியெல்லாம் பழைய பதிவைத் தேடியிருக்கா” என்றார். “முதல் வருசம் இந்த ஊர்ல வாசல்ல மூச்சை நிறுத்தினது ஒரே ஒரு ஆள். உங்கப்பா. சட்டம் வந்த ரெண்டாம் மாசத்துலேருந்து. அப்புறம் உங்கம்மா. அடுத்த வருசம் உங்க வீட்டு வரிசையில இருக்கிற பொம்பளைங்க. அதுக்கப்புறம்தான் ஊரு. உங்கம்மாவைப் பாத்துத்தான் எல்லாரும் கத்துக்கிட்டிருக்காங்க. அவங்க யாரைப் பாத்துக் கத்துக்கிட்டாங்கன்னு ஒருத்தரும் கேக்கல.”

அம்மா அதைச் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

“அவரால பேச முடியல இசக்கி. பேசணும்னா மூச்சு விடணும். எங்க வீட்டுல அப்ப அதுக்குக்கூடக் காத்து இல்ல. எழுபது வினாடி நின்னிருக்காரு.” சுவரோரம் உட்கார்ந்தார். “அவர் தினமும் மூச்சு விடாம மிச்சம் வச்ச காத்து எங்களுக்கு எத்தனை நாள் உதவியிருக்கும், நான் பொழைச்சதுல அதுக்குப் பங்கு இருக்கான்னு கணக்குப் போட்டுத் தரேன்னா ஜெயசீலி. வேண்டாம்னுட்டேன். கணக்குப் போட்டா கடனாயிடும். அது சும்மா கொடுத்தது. அப்படியே இருக்கட்டும்.”

“அவர் திருகைக் குறைச்சாரு” என்றேன். “அதைப் படத்துலேருந்து எடுத்துட வேண்டாம்.”

“எடுக்கமாட்டேன். எங்கண்ணன் போனது போனதுதான். இதையும் எடுக்கமாட்டேன்.”

நாற்பத்தொன்றாம் காட்சியைப் படத்தின் கடைசிக்கு மாற்றினார். மாசிலாமணியிடம் ஒன்றுதான் சொன்னார்: “சார், திமிர் வேண்டாம். எதுவுமே வேண்டாம். பட்டை சொல்றதைக் கேளுங்க.”

படம் முதலில் திரையிடப்பட்டது எங்கள் ஊர்ப் பொது மண்டபத்தில்தான். தங்கபுஷ்பத்தின் அம்மா வெள்ளைத்தாய் முன்வரிசையில் மகளுக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். கடைசிக் காட்சியைப் பற்றி மகள் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. படமே சொல்லட்டும் என்றார்.

அரை ஊர் அழுதுகொண்டே பார்த்தது. ஏற்றாத விளக்கு வந்தபோது மண்டபத்தில் பலர் கைகூப்பினார்கள். திருகு குறைக்கப்படும் காட்சியில் வெள்ளைத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் திரும்பிய பக்கத்தில் நான் இருந்தேன். யாரென்று தெரியாமலே என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கையை எடுக்கவில்லை.

கடைசிக் காட்சி வந்தது. அளவுக்காரர் படியேறி வருகிறார். வாசலில் மூச்சை நிறுத்துகிறார். இசை இல்லை, வெட்டு இல்லை. கேமரா அவரையே பார்த்து நிற்கிறது. நெஞ்சில் சட்டை அசையவில்லை. பத்து வினாடி. இருபது. அளவுமானியைப் பார்த்தாயிற்று. போகலாம். போகவில்லை. மூலையில் பையனின் சின்னச் செருப்பு கிடக்கிறது. அவர் வாய் திறக்கப் பார்க்கிறது, மூடிக்கொள்கிறது. நாற்பது வினாடி. மண்டபத்தில் யாரும் அசையவில்லை. ஐம்பது.

என் கையைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின. வெள்ளைத்தாய் முன்னால் குனிந்து திரையைப் பார்த்தார். நாற்பது வருடத்துக்கு முன்னால் பார்க்க மறுத்த அந்த முகத்தைப் பார்த்தார்.

“தாராளம்யா” என்றார். “விடு.”

பின்னால் ஒரு குரல், “தாராளம்.” வலப்பக்கம் ஒன்று. பிறகு மண்டபம் முழுவதும், ஆண்களும் பெண்களும், கோயிலில் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்கள்.

திரையில் அவர் திரும்பி வெளியே போனார். கதவு சாத்திக்கொண்டது. திரை இருட்டாயிற்று. அந்த இருட்டில், கதவுக்கு அந்தப் பக்கம், ஒரு மனிதன் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. விட்டவர் மாசிலாமணிதான். ஆனால் எந்த நொடியில் விட வேண்டும் என்று சொன்னது என் அப்பா.